நான்கு குடம் மழை

ஐப்பசி வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. இராஜபாளையத்து வீட்டு வாசலில் நிற்கும் பழைய வேனின் கூரையில், துரு தின்ற இடங்களைச் சுரண்டி, தகரம் வைத்து அடைத்து, அல்லா பிச்சை பூசிய ரெட் ஆக்சைடு காய்ந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளும், பிறந்து நான்கே நாளான பேரனும் நாளை இந்த வண்டியில்தான் வர வேண்டும். மகளோடு மூன்று இரவு கண்விழித்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வந்த மனைவி ஹாஜரா, குழந்தையைக் கிடத்தப்போகும் இருக்கையில் தானே சாய்ந்துகொள்கிறாள். "எம்பேரன் மேல ஒரு சொட்டு விழட்டும், வண்டிய பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன்!" என்கிறாள். "செத்த நேரம் வாய மூடிட்டு அண்ணாந்து பாரு, ஏட்டி," என்று சிரித்தபடி அவர் ஸ்டூலில் ஏறிக் குடத்தைச் சாய்க்கிறார். தண்ணீர் தகரத்தில் சடசடத்து, கண்ணாடிகளில் நெளிந்து இறங்குகிறது. "ஒழுகுதா?" என்று கேட்கிறார். இரண்டாவது குடம், மூன்றாவது குடம். "ஒழுகுதான்னு கேக்கேன்ல?" அப்போதும் பதில் இல்லாததால், இறங்கிச் சன்னலில் எட்டிப் பார்க்கிறார். இருக்கை காய்ந்தே கிடக்கிறது. நெற்றியில் ஒரு துளிகூட இல்லாமல், வாய் லேசாகத் திறந்திருக்க, ஹாஜரா அயர்ந்து தூங்குகிறாள். தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்ததும் அவள் இமை மெல்ல அசைகிறது. அல்லா பிச்சை அரவமின்றி மறுபடி ஸ்டூலில் ஏறி, நான்காவது குடத்தைத் தூறலைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறார்.