பீமை நிறுத்திய பிறகும்

“அந்தத் துடைக்கிற அக்கா என்னைக் கண்டா ஓடுது. இப்பக்கூட பக்கெட்டை அப்படியே போட்டுட்டு ஓடிடுச்சு.”

ஏழு மாத வயிற்றைத் தாங்கியபடி நாற்காலியில் சாய்ந்தாள் விஞ்ஞானி.

“உன் மூஞ்சி அப்படி” என்றான் இன்ஜினியர்.

“விளையாடாதே. என் வயித்தைப் பார்க்குது, சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டுப் போயிடுது. போன தடவை எனக்குக் கலைஞ்சது அதுக்குத் தெரியும். ராசி கெட்டவள்னு ஒதுங்குது.”

மலைக்கு அடியில் குடைந்த ஆய்வுக்கூடம் அது. நட்சத்திரத்துக்குள் ஓர் அணு புரோட்டானை விழுங்கி வேறு தனிமமாக மாறுகிறதே, அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று அளக்கும் வேலை. புரோட்டான்களை ஒரு கற்றையாக, பீமாக்கி இலக்கின் மேல் அடிப்பார்கள். ஓர் அணு விழுங்கினால் டிடெக்டர் ‘டிக்’ என்னும். நாளெல்லாம் காத்துக் கிடந்தாலும் ஒன்றிரண்டு வந்தால் பெரிது. வெளிக்கதிர் எதுவும் நுழையக் கூடாதென்றுதான் தலைக்கு மேல் அத்தனை பாறை.

இன்று பீமை நிறுத்திவிட்டு வெறுமையை அளக்கிறார்கள். பீம் இல்லாதபோது டிடெக்டரில் சத்தமே வரக் கூடாது. வந்தால், இதுவரை அளந்தது அத்தனையும் குப்பை. திரும்ப அளக்கவும் நேரமில்லை; இவர்கள் முறை இன்றோடு முடிகிறது, நாளைக்கு வேறு குழு வந்து உட்கார்ந்துவிடும்.

டிக்.

இருவரும் டிடெக்டர் பக்கம் திரும்பினார்கள்.

டிக். டிக்.

“பீம் ஆஃப்தானே?” என்றாள் அவள்.

“சாவி என் பாக்கெட்ல இருக்கு.”

டிக்டிக்டிக்டிக். யாரோ நடந்து நடந்து கிட்டே வருவது போல நெருங்கியது. கதவுக்கு வெளியே வந்து நின்றது போலக் கொஞ்ச நேரம் அப்படியே அடித்தது. அப்புறம் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

“நேத்தும் இதேதான்” இன்ஜினியர் குரலை இறக்கினான். “சுரங்கம் வெட்டும்போது செத்தவன் எவனோ ரவுண்ட்ஸ் வர்றான்னு நினைக்கிறேன்.”

“நேத்து எப்போ?”

“அக்கா தரை துடைக்க வர்ற நேரம்.”

அவள் எழுந்தாள்.

“அப்போ பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அந்த அக்காதான் கதிர் வீசுற ஏதோ கொண்டு வந்து வச்சு என் வேலையைக் கெடுக்குது. கையோட பிடிச்சு, இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கறேன் பார்.”

கதிர் அளக்கும் கைக்கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நீளமான நடைபாதை. பாறை கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாதி விளக்கு எரியவில்லை. கைக்கருவி முதலில் முனகியது. அவள் அடி வைக்க வைக்க அதன் சத்தம் ஏறியது.

பாதை முடிகிற இடத்தில், சுவரைப் பார்த்தபடி அக்கா அசையாமல் நின்றிருந்தாள்.

“என்னக்கா ஒளிச்சு வச்சிருக்கீங்க? கையைக் காட்டுங்க.”

இரண்டு கைகளும் பின்பக்கம் விரிந்தன. ஒன்றும் இல்லை.

இன்னும் ஓரடி. கருவி அலறியது.

“அங்கேயே நில்லுங்க மேடம்.”

குரல் கரகரவென்று, வேறு யாருடையதோ போல இருந்தது.

“முதல்ல திரும்புங்க.”

அக்கா திரும்பினாள். கழுத்தின் குறுக்கே புதுத் தழும்பு.

“கழுத்துல புத்துநோய்னு அறுத்தாங்க. அப்புறம் ஏதோ கதிர் மருந்து குடிக்கக் குடுத்தாங்க. கொஞ்ச நாளைக்கு என் உடம்பே கதிர் வீசுமாம். லீவு தீர்ந்துபோச்சு. வெளிய சொன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க, அதான் சொல்லல. உங்க மிஷினுக்குக் கேட்கும்னு சத்தியமா தெரியாது மேடம்.”

கருவி அலறிக்கொண்டே இருந்தது. அதை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள் விஞ்ஞானி.

“பின்னாடி போங்க மேடம்” என்று கெஞ்சினாள் அக்கா. “புள்ளத்தாச்சிங்க பக்கமே போகாதேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. என் புள்ளையவே எங்க அக்கா வீட்ல விட்டுட்டுத் தொடாம கிடக்கேன். உங்க புள்ளகிட்ட எப்படி வருவேன்?”