பாய்லர் வேண்டாம்

குழாய் மாட்டுகிற சூசைமுத்து நூலைப் பிடித்து, பின்கட்டு அடுப்பிலிருந்து குளியலறை வரைக்கும் அளந்தான்.

வெங்காயக் கமிஷன் கடை பெருமாள்சாமிதான் அவனை வரச்சொல்லியிருந்தார். போன வாரம் அவர் மனைவி அய்யம்மாள் வெந்நீர்த் தவலையோடு முற்றத்தில் வழுக்கி விழுந்ததில் கால் வெந்துவிட்டது. இப்போதும் களிம்பு தடவிய காலோடுதான் அடுப்படியில் நின்றாள்.

அடுப்பு இருக்குமிடத்தில் செம்புப் பாய்லர் வைக்கலாம் என்றான். அங்கிருந்து சுவரோரமாக இரும்புக் குழாய். திருகினால் வெந்நீர்.

“ஒரே ஒரு குறைதான் முதலாளி. குழாய்க்குள்ள நின்ன தண்ணி மொதல்ல பச்சைத் தண்ணியாத்தான் வரும். ஒரு வாளியக் கீழ விட்டுரணும்.”

அறுபத்திரண்டு மார்கழி. மழை ஏய்த்துவிட்டிருந்தது. கிணற்றில் வாளி தரை தட்டியது.

“அந்த ஒரு வாளி திரும்பப் பாய்லருக்கே போயிட்டா?”

“அதுக்கு இன்னொரு குழாய் வேணும். தள்ளிவிட ஒரு மோட்டாரும் வேணும்.”

மாட்டு என்றார் பெருமாள்சாமி.

தண்ணீரை ஊர்வலம் விடுவதற்கு மோட்டார் வாங்குகிற ஆளை சூசைமுத்து பார்த்ததில்லை. சந்தோஷத்தில் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான்.

“இனி ஒங்களுக்கு வேலையே இல்லக்கா. அவரு பாட்டுக்குத் திருகிக் குளிச்சுக்குவாரு. நீங்க கூப்பிடக்கூட வேண்டாம்.”

பெருமாள்சாமி சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவர் தாங்காது என்றார். கருங்கல் சுவர் என்றான் சூசைமுத்து. இரும்பு துருப்பிடிக்கும் என்றார். கொஞ்சம் யோசித்து, வெந்நீரே உடம்புக்கு ஆகாது என்றார்.

சூசைமுத்து நூலைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான். முதலாளிக்கு நிலையான புத்தி இல்லை என்று தெருமுனையில் இரண்டு பேரிடம் சொன்னான்.

மகள் சொர்ணலட்சுமி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்த அன்று பெருமாள்சாமி கதவைத் திறக்கவில்லை. அதிலிருந்து அய்யம்மாள் அவரிடம் பேசுவதில்லை. சோறு வைப்பாள், வெஞ்சனம் வைப்பாள், வாய் திறக்க மாட்டாள்.

காலையில் மட்டும், வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து வைத்துவிட்டு, அவரைக் குளிக்கக் கூப்பிட ஒன்று சொல்வாள். அதுவும் சுவரைப் பார்த்து. தண்ணி வெளாவியாச்சு.

மறுநாள் விடியலில் பெருமாள்சாமியே அடுப்பைப் பற்றவைத்தார். தவலையைத் தூக்கினார். முற்றத்தில் பாதியைச் சிந்தினார். மீதியை வெளாவிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

“தண்ணி வெளாவியாச்சு.”

அய்யம்மாள் நொண்டிக்கொண்டே வந்து வாளியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

“இம்புட்டுச் சூடு கைப்புள்ளைக்குத்தான் காணும்.”

அவர் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

“எரியோடு வரைக்கும் போயிட்டு வாரேன்.”

மகள் எரியோட்டில் குடியிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும் என்று அய்யம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.