திறக்காத நாற்பத்து மூன்று படங்கள்

“நேத்து திறந்த படம் இன்னைக்கு ஏன்யா திறக்கல?”

மேனேஜர் சபேசன் மேசையைத் தட்டினார். வெள்ளத்தில் வீடு சேதமானவர்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றின் கடலூர் அலுவலகம் அது. 2008 டிசம்பர்.

கம்ப்யூட்டர் முன்னால் தேவசகாயம் முழித்தான்.

“இது விண்டோஸ் இல்ல, லினக்ஸ் சார். படம் திறக்குற சாஃப்ட்வேர் பேக்கேஜ் ஒண்ணு போயிடுச்சி. அதைப் போட்டா இன்னொண்ணு கேக்குது. அதுக்கு மூணாவதா ஒண்ணு வேணுமாம். அது நெட்லதான் கெடைக்கும்.”

“எறக்கித் தொலையேன்!”

“மழையில நெட் செத்துக் கெடக்கு சார்.”

குமராட்சிப் பக்கத்திலிருந்து மூணு பஸ் மாறி வந்த சின்னம்மாள் வாசலில் எழுந்து நின்றாள்.

“ஏம்ப்பா, எம் மனு என்னாச்சி? காலையிலேர்ந்து குந்திக் கெடக்கறேன்.”

“படம் தெரியலம்மா. பொறுங்க.”

“எங்க ஊரு காத்தவராயன் தண்ணியில நின்னுக்கிட்டு செல்போன்ல புடிச்சான். அவனுக்குத் தெரிஞ்சுது, ஃபேனுக்கடியில ஒக்காந்திருக்கற ஒனக்குத் தெரியலயா? ஒனக்கெல்லாம் எவன் சம்பளம் குடுக்கறான்?”

தேவசகாயம் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

சபேசனுக்குத் தலை வலித்தது. ‘படத்தில் சேதமான வீடு தெரிய வேண்டும்’ என்பது விதி. வீடு தெரியவில்லை என்று நேற்று ஆறு மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார். இன்னும் நாற்பத்து மூன்று பாக்கி.

“மணி நாலரை. அஞ்சு மணி வண்டியில லிஸ்ட் சென்னைக்குப் போகலைன்னா ஒருத்தருக்கும் கெடையாது, தெரியுமா?”

“மனுவுக்கு ஒண்ணுன்னு நாப்பத்திமூணு படமும் சிடியில இருக்கு சார். ‘படம் இணைப்பு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடலாமே?”

சபேசன் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டிக்கொண்டே நாற்பத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

“இந்த மாசத்தோட நீ கெளம்பிடு. வேலை தெரிஞ்ச ஆளா நான் பாத்துக்கறேன்.”

“சரிங்க சார்.”

“நல்லா வேணும்!” சின்னம்மாள் ஒப்புதல் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு மழையில் இறங்கினாள்.

எல்லோரும் போனபின் தேவசகாயம் டிராயரிலிருந்து லினக்ஸ் சிடியை எடுத்தான். காலையில் தானே கழற்றிப் போட்ட மூன்று பேக்கேஜையும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினான்.

சின்னம்மாளின் படம் திறந்தது.

வீடு இல்லை. திரை முழுக்கக் கொள்ளிடத்துச் செந்தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, வீடு இருந்த இடத்தை அவள் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.