வாயே தொறக்காத!

"உங்கத்தா நிக்காஹுக்குச் சம்மதம் கேப்பாரு. முடியாதுன்னா பெத்த மகள்னுகூடப் பாக்காம வெட்டிப் போட்டுடுவாரு. நீ வாயே தொறக்காத. பதில் வரலைன்னா நிக்காஹ் நின்னுடும்," என்றாள் பெரியம்மா பதுருன்னிசா.

ஹுமைராவுக்கு உயிர் வந்தது. அவள் உயிராக நினைத்த செராமிக் கம்பெனி இஃப்திகாரிடமும் பெரியம்மா அதையே சொல்லியிருந்தாள். தகராறு செய்யாமல் அவன் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தான்.

அத்தா இரண்டு சாட்சிகளோடு வந்தார். "ஹமீதைக் கட்டிக்கச் சம்மதமாம்மா?"

ஹுமைரா பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று முறை கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அரை மணியில் சிரித்தபடி திரும்பினார். "நிக்காஹ் முடிஞ்சுதும்மா! நம்ம மார்க்கத்துல கல்யாணமாகாத குமருப் புள்ள பேசாம இருந்தாலே சம்மதம்தானே? எங்க வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன். சொல்லியிருந்தா நிறுத்தித்தான் இருப்பேன்."

ஹுமைரா பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியம்மா பேரீச்சம்பழத்தை நீட்டினாள். "இப்ப வாயைத் தொறடி."