கிளிப் போட்ட பக்கங்கள்

"என்னங்க, கொடியில இருந்த கிளிப் ஒண்ணைக்கூடக் காணோம்! உங்க பேன்ட் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஷெட்டு மேல கிடக்கு!"

ஈரக் கையோடு உள்ளே வந்தவள், சாப்பாட்டு மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். துணி கிளிப்புகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. தடிமனான உலக வரலாற்றுப் புத்தகத்தைச் சிவப்பும் பச்சையுமாகக் கவ்விக்கொண்டிருந்தன. புத்தகம் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு அருகே போனாள்.

அந்த வீட்டில் கிளிப்புக்கு ஒரு சட்டம் உண்டு. அவர்கள் மகளுக்குப் பள்ளிக்கூடம் வீடுதான். வகுப்பறை இந்த மேசை, டீச்சர் அம்மா. எந்தப் புத்தகம் வந்தாலும் பெரியவர்கள் முதலில் படித்துப் பார்ப்பார்கள். கிளிப் மாட்டிய பக்கத்தை மகள் தனியாகத் திறக்கக் கூடாது. இதுவரை மாட்டிய கிளிப்பை யாரும் கழற்றியதும் இல்லை.

"ஸ்கூலுக்கு அனுப்பாம பொண்ணைக் கெடுக்கறீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னவள் நாத்தனார். போன மாதம் அவள் வந்திருந்தபோது, மகள் எதையும் பார்க்காமல் உலகப் படத்தை வரைந்து, கடல்களுக்கெல்லாம் பெயரும் எழுதிக் காட்டினாள். நாத்தனார் அந்தப் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கேள்வி கேட்டே ஆளைக் கவிழ்த்துவிடும் அந்த மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்றுதான் பெயர்.

வக்கீல் கேட்ட கேள்விதான் இப்போது வம்பு. "அம்மா, சரித்திரத்துல நம்ம கிறிஸ்தவ ஆளுங்க எப்பவும் நல்லவங்களாத்தான் இருந்தாங்களா?"

"உள்ளதை உள்ளபடி சொல்ற புத்தகமா வாங்கித் தரேன். நீயே படிச்சுப் பாரு" என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

புத்தகக் கடைக்காரர் இரண்டு புத்தகங்களைக் கொடுத்து, வீட்டில் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார். ஒன்றை இன்றைக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். ஒன்று மெலிசு, வழவழ தாள். அதில் கிறிஸ்தவர்கள் எல்லாரும் தேவதூதர்கள், தப்பென்றால் என்னவென்றே தெரியாதவர்கள். இன்னொன்று இந்தத் தடிப் புத்தகம். விசுவாசத்தைக் கேலி செய்யவில்லை, அதற்காக எதையும் பூசி மெழுகவும் இல்லை. அவளுக்கு இதுதான் பிடித்திருந்தது.

முதல் கிளிப்பைக் கழற்றினாள். சிலுவைக் கொடி பிடித்துப் போய் ஊரைக் கொளுத்திய படை. அடுத்தது அடிமைக் கப்பல், மேல்தளத்தில் ஜெபமும் கீழ்த்தளத்தில் சங்கிலியுமாக. அதற்கடுத்தது சூனியக்காரி என்று பட்டம் கட்டி எரிக்கப்பட்ட பெண்கள். மனுஷன் பார்த்துப் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார். மெலிசுப் புத்தகம் எங்கும் கண்ணில் படவில்லை. மகளின் அறைக்கே போய்விட்டதோ என்னவோ!

மகளின் அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் கணீரென்று கேட்பது அவர் குரல்தான். சபையை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தாங்கமாட்டார். ஒரு கல்யாணத்தில் எவரோ ஏதோ சொன்னதற்குப் பந்தியிலிருந்தே எழுந்து வந்தவர். பாடம் நடத்தும் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்க மாட்டார். "அது உன் டிபார்ட்மென்ட்" என்று கழன்றுகொள்வார்.

தலையைத் துவட்டிக்கொண்டே அவர் வந்தார்.

"முடிவு பண்ணிட்டீங்க போல?"

"ம், பண்ணிட்டேன். உன்கிட்ட சொல்லலாம்னுதான்..."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அதான் கிளிப்பே சொல்லுதே! இவ்வளவையும் மூடிட்டா மிச்சம் அட்டைதாங்க இருக்கும்."

"நீ அந்தப் பக்கமெல்லாம் படிச்சியா?"

"படிச்சேன். கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா நடந்தது நடந்ததுதானே? நாளைக்கு வெளிய எவனாவது இதையெல்லாம் அவகிட்ட சொல்லிச் சிரிப்பான். அம்மா அப்பா மறைச்சுட்டாங்கன்னு அவளுக்குத் தெரியும். அப்புறம் நாம சொன்ன எதை நம்புவா? ஆண்டவரைப் பத்திச் சொன்னதையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவா."

சத்தம் கேட்டு வக்கீல் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இவ்ளோ கிளிப்பா! நான் படிக்க ஏதாவது மிச்சம் வச்சீங்களாப்பா?"

அம்மா புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள். "கேட்டீங்கல்ல? அந்த மெலிசையே வச்சுக்கோங்க. ஆனா பாடம் நான் நடத்த மாட்டேன். எனக்குப் பொய் சொல்லித்தர வாய் வராது."

"மெலிசா? அதைக் காலையிலயே கடையில திருப்பிக் கொடுத்துட்டேனே."

"அப்ப... இந்தக் கிளிப்பெல்லாம்?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மகள் உட்கார்ந்து படிக்கும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலியை, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தனக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மத்த பக்கமெல்லாம் நீ நடத்தும்மா. நம்ம ஆளுங்க செஞ்ச தப்பை எம் பொண்ணு ஊரான் வாயால கேக்கக் கூடாது. அதனால கிளிப் போட்டதெல்லாம் நான் நடத்துற பாடம்."

கழற்றிய கிளிப்புகளை ஒவ்வொன்றாக அம்மாவே எடுத்து, அதே பக்கங்களில், பெருமை பொங்கப் பொங்க, திரும்ப மாட்டினாள்.