சாரி கார்டு

மனைவி பூங்கோதை போய்ச் சேர்ந்த பிறகு, பின்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்ட முடியாமல்தான் இன்பராஜ் தன் பைக்கைப் பிரித்துப் போட்டான். சுவரில் ஒட்டியிருந்த பழைய பந்தய வண்டியின் படத்தைப் பார்த்துப் பார்த்து, தாழ்ந்த ஹேண்டில்பார், நீளமான அலுமினிய டேங்க், ஒரே ஆள் உட்காரும் சீட்டு என எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தான்.

பார்க்க வந்த நண்பன் மன்சூர் வாயைப் பிளந்தான். "அச்சு அசலா அதே வண்டிடா!" பின்சக்கரத்தின் பக்கம் குனிந்தவன் சிரித்துவிட்டான். "ஏன்டா, ரேஸ் வண்டில எவனாச்சும் சாரி கார்டு மாட்டுவானா? பின்னாடி உக்காரவே இடமில்ல, யாரு சேலை சிக்கப்போவுது? கழட்டிப் போடு."

"கழட்டணும்," என்றான் இன்பராஜ்.

மன்சூர் போனதும் ஸ்பேனரை எடுத்தான். அந்தக் கம்பிவலையின் நட்டில் வைத்தான். பிறகு ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். பூங்கோதை ஒருபக்கமாக ஏறும்போது வண்டி இடப்புறம் சாயும். அதற்காக எப்போதும் இடது காலை அழுந்த ஊன்றிக்கொள்வான். இப்போதும் ஊன்றியிருந்தான்.

வண்டி சாயவே இல்லை.