தாழிக்குள் கிடந்த பல்

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் தாழியில் வைத்துப் புதைத்த ஒரு பெண்ணின் கடைவாய்ப்பல்லை அமுதவல்லி ஏழு மாதமாகச் சீராட்டி வந்தாள். தன் மூச்சுக்காற்றுகூடப் பட்டுவிடாமல் முகத்தை மூடிக்கொண்டு அதைத் துளைத்துப் பொடியெடுத்தவள் அவள்தான். தாயிடமிருந்து மகளுக்கு, அந்த மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று இறங்கி வரும் மரபணு அந்தப் பொடியில் கிடைத்ததும், யாரும் பார்க்காதபோது தன்னுடையதோடுதான் முதலில் ஒப்பிட்டாள். ஒட்டவே இல்லை.

விதிப்படி, ஆய்வகத்தில் வேலை செய்கிற எல்லோருடையதோடும் ஒப்பிட வேண்டும். துளைக்கும் அறைக்குள் போன யாருடையதாவது ஒத்துப்போனால், அவர் தொட்டதால் வந்த கலப்படம் என்று முடிவையே தள்ளிவிடுவார்கள். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துப்போனது, வெளிக்கூடம் துடைக்கிற புஷ்பத்தினுடையது.

"இந்தப் பல்லோட மரபணுவும் உன்னுதும் ஒண்ணுன்னு வருது. துளைக்கிற அறைக்குள்ள நீ எப்பவாச்சும் வந்தியா?"

"ஐயோ, அந்தக் கதவுப் பக்கமே நான் போனதில்ல மேடம்." புஷ்பம் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே திரையிலிருந்த பல்லின் படத்தை எட்டிப் பார்த்தாள். "அப்ப இந்தம்மா எங்களுக்குச் சொந்தமா? பாவம், வெத்தலை போட்டிருப்பாங்க போல. எங்கம்மாவும் அப்படித்தான்" என்று சிரித்தாள்.

அமுதவல்லிக்கு வயிறு எரிந்தது.

புஷ்பம் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபின், அறைக்குள் போகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டைத் திறந்தாள். பல்லைத் துளைத்த நாளில் அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. பேனாவை இடக்கைக்கு மாற்றி, அந்த வரியில் 'புஷ்பம்' என்று எழுதினாள்.